நாற்பத்தைந்து பவுண்டு காற்று

காரில் உட்கார்ந்து போகிற சுகம் மெத்தையில் இல்லை சுவாமி, சக்கரத்தில் இருக்கிறது. கார் வாங்கப் போகிறவர்கள் இருக்கையை விரலால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். குனிந்து டயரைப் பார்க்கிற ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

பங்குச் சுவாமியாக நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. என் தங்கை ரோசம்மாவை விக்ரோலி ஏசுதாசுக்குப் பேசி முடித்த அன்றைக்கு ஏதாவது கட்டாயமோ ஏமாற்றோ இருந்ததா, மாப்பிள்ளையின் பழைய சங்கதி பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். உண்டு, இல்லை என்று ஒற்றை வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னீர்கள். நான் வடக்கன்குளத்தில் படித்தவன். எந்த விஷயத்தையும் அதன் முதல் காரணத்திலிருந்து எழுத வேண்டும் என்று எங்கள் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். இந்த விஷயத்தில் முதல் காரணம் டயர். ஆகவே டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் செம்பூரில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கடிதப் பிரிவில் குமாஸ்தா. ஞானசீலன் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தம்முடைய பழைய காரை என்னிடம் விட்டுப் போனார். அவருடைய கடிதங்களையெல்லாம் ஒரு பிழையில்லாமல் எழுதிக்கொடுத்ததற்கு அது மரியாதை. அந்தக் காரோடு இரண்டு செட் சக்கரங்கள் வந்தன. ஒன்று பதினைந்து அங்குலச் சக்கரத்தில் நாலு பிளை, அதாவது நாலு அடுக்கு டயர், கொழுத்தது. மற்றது பழைய மாடலுக்கு வந்த பதினாறு அங்குலச் சக்கரத்தில் ஆறு பிளை டயர், ஒல்லியானது. இரண்டும் அதே காருக்குப் பொருந்தும்.

பெரிய சக்கரம்தான் சுகமாக இருக்கும் என்று நானும் எல்லோரையும் போல நினைத்தேன். தாராவி மெயின் ரோட்டில் டயர்க் கடை வைத்திருக்கும் கரீம் பாட்சா, மேலப்பாளையத்துக்காரர், அதைக் கேட்டுச் சிரித்தார்.

"பெரிய சக்கரம் குழியில விழாம உருளுமே பாய்?" என்றேன்.

"உருளும்வே. யாரு இல்லன்னா? ஆனா கல்லு மேல ஏறுச்சுன்னா நேரா உம்ம முதுகெலும்புக்குத் தந்தி அடிச்சிரும். இரும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல ரப்பர் எம்புட்டு இருக்கு பாரும். ரெண்டு வெரக்கடை. காத்து இருக்க எடமே இல்ல. அந்தக் குண்டு டயரப் பாரும், மாமியா வீட்டுத் தலகாணி மாதிரி. காத்துதாம்வே மெத்த."

"காத்துதான் மெத்தைன்னா ரெண்டுலயும் நெறையக் காத்து அடிச்சா?"

"நல்லா கேட்டீரு. தலகாணியில பஞ்சைத் திணிச்சுத் திணிச்சு அடைச்சா என்ன ஆகும்? அம்மிக்கல்லு ஆயிரும்."

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை, சோதித்துப் பார்த்தேன். பின் இருக்கையில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, தாராவியிலிருந்து செம்பூர் வரை ஓட்டினேன். கொழுத்த டயரில் இருபத்திரண்டு பவுண்டு காற்றோடு போனபோது செம்பின் கழுத்து வரை தண்ணீர் மிஞ்சியது. ஒல்லி டயரில் முப்பது பவுண்டு வைத்தபோது பாதி மிஞ்சியது. அதே டயரில் நாற்பத்தைந்து பவுண்டு ஏற்றியபோது செம்பே இருக்கையில் இல்லை. கீழே கவிழ்ந்து கிடந்தது. அப்போது இந்தச் சோதனையால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை என்பதைக் கவனிக்கக் கோருகிறேன்.

இனி ரோசம்மா. தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாய் கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. சுனாபட்டியில் எங்கள் ஒற்றை அறைக்குப் பல மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்களை நானே என் காரில் அழைத்துவந்து, நானே கொண்டுபோய் விட்டேன். மரியாதைக்காகக் கொழுத்த டயரில்தான் அழைத்துவந்தேன். தவறு அங்கேதான். வழியெல்லாம் தூங்கி, தெளிந்த முகத்தோடு வந்து இறங்குவார்கள். தெளிந்தவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ஒருவர் சுவரில் இருந்த விரிசலைப் பார்த்தார். இன்னொரு வீட்டு மாப்பிள்ளைப் பையன், பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று பேப்பரை நீட்டினான்.

"மொதல்ல நீங்க ஒரு வரி வாசிங்க, நான் மிச்சத்தை வாசிக்கேன்" என்றாள் ரோசம்மா.

பையன் பம்பாயில் பிறந்தவன். தலைப்பிலேயே எழுத்துக் கூட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவனுடைய அம்மா எழுந்துவிட்டாள். "ஊருல கலந்துகிட்டு கடுதாசி போடுதோம்" என்றாள். அந்தக் கடுதாசி எப்படிப்பட்டது என்று கடிதப் பிரிவில் இருக்கிற எனக்குத் தெரியாதா?

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் தெற்கத்தி வழக்கம் ஒன்றை விளக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்று முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம் கிடக்கட்டும், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. குடித்த பிறகு பின்வாங்குகிற குடும்பத்துக்கு அப்புறம் எந்த வீட்டிலும் யாரும் செம்பை நீட்ட மாட்டார்கள். அதனால் எங்கள் அம்மா ஏஞ்சலம்மாள், ஒவ்வொரு தடவையும் நன்னாரி சர்பத்தைக் கலந்து வைத்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு அக்கம்பக்கத்துக்கு ஊற்றிக்கொடுப்பாள். பக்கத்து அறை நூர் நிஷா அக்கா ஒருநாள் கேட்டே விட்டாள்: "ஏஞ்சலம்மாக்கா, அடுத்த சர்பத் எப்ப?"

இந்த இடத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது, எழுதினால் தப்பாக அர்த்தம் செய்துகொள்ளப்படும். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஜெயசீலி என்று ஒரு பெண். அவளுடைய அப்பா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "வீட்டுல ஒரு குமர வச்சிக்கிட்டு எம்பிள்ளயக் கேட்டு வராதேயும். அது போயி எறங்கட்டும், பொறவு பாப்போம்." நான் அவசரப்படவில்லை. தங்கையின் நலனைத்தான் முன்னால் வைத்தேன். இரண்டு நலனும் ஒரே திசையில் இருந்தது என் குற்றமல்ல.

ஒருநாள் கொழுத்த டயரில் ஆணி ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒல்லி டயரைப் போட்டுக்கொண்டு செம்பூரிலிருந்து ஒரு குடும்பத்தை அழைத்துவந்தேன். பையனுடைய அம்மா வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, கொஞ்சம் நிறுத்து" என்று இறங்கி, சயான் முனையில் இரண்டு கோலி சோடா குடித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குத் தாகம் இல்லை. அவர்களும் கடுதாசி போடுவதாகச் சொல்லிப் போனார்கள். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. டயர் தன் வேலையைச் செய்துவிட்டது. கெடுத்தது சோடாக் கடை.

அதன் பிறகுதான் ஏசுதாஸ் சம்பந்தம் வந்தது. சீனச் சண்டை முடிந்த மறுவருஷம், மே மாதம். விக்ரோலியில் ஒரு பாக்டரியில் வேலை, நல்ல முடி, அதைச் சீவிக்கொண்டே இருப்பான். அப்பா இல்லை. முடிவு சொல்கிறவர் அவனுடைய பெரியப்பா மரியசூசை. கோதியில், அதாவது துறைமுகத்தில், மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மனிதர். அவர் பெயர் நம் ஆட்களிடம் பிரசித்தம். ஏசுதாசுக்காக எத்தனையோ வீடு ஏறியும் ஒரு வீட்டில்கூட அவர் கை நனைத்ததில்லை. சொந்தமாக ஒரு பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார். தாகம் எடுத்தால் அதிலிருந்து ஒரு மடக்கு. பெண் வீட்டுத் தண்ணீருக்கு வேலையே இல்லை.

"அந்தக் கெழவனா? சிலுவையில தொங்குனாக்கூட காடிதான் கேப்பான், தண்ணி கேக்க மாட்டான்" என்றாள் அம்மா. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் ஒல்லி டயரைப் போட்டுக்கொண்டு விக்ரோலிக்குப் போனேன். காற்று முப்பது பவுண்டு. அது நியாயமான அளவு. போகும் வழியில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. அங்கே பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். ஏசுதாஸ் முன்னால், பெரியப்பாவும் அவருடைய கூஜாவும் பின்னால்.

ஆக்ரா ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாரிகள் உழுதுவைத்த நிலம். நான் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டினேன், அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு குழியையும் தேடிப் போகவில்லை. வழியில் இருந்த எதையும் விட்டுவிடவும் இல்லை.

"என்ன தம்பி, காரா இல்ல கல்லு ஒடைக்கிற மிஷினா இது?" என்றார் பெரியவர்.

"ரோடு மோசம் ஐயா."

"அரே யார், ஆராம்ஸே!" என்று மெதுவாகப் போகச் சொன்னான் ஏசுதாஸ். சீப்பு அவன் கண்ணில் குத்திவிட்டது.

கூஜாவின் மூடி பழசு, மரை தேய்ந்தது. குர்லாவுக்கு முன்னாலேயே அது கழன்று இருக்கைக்கு அடியில் போய்விட்டது. பெரியவர் உள்ளங்கையால் வாயை மூடிப் பார்த்தார். ஒரு கையால் கூஜாவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்தால், உடம்பைப் பிடிக்கக் கை இல்லை. குர்லா தாண்டியபோது கூஜாவில் இருந்ததெல்லாம் அவருடைய வேட்டியில் இருந்தது. அது வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சுனாபட்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புச் சாற்று வண்டி எப்போதும் நிற்கும். நான் ஒரு சுண்ணாம்பு லாரியை ஒட்டி நிறுத்தினேன். லாரி மறைத்ததால் அது அவர்கள் கண்ணில் படவில்லை. கேட் திறந்ததும் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கினோம். பின்னாலிருந்து பெரியவர் "சேசுவே" என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அம்மா டம்ளரை நீட்டினாள். அவர் கையாட்டி வேண்டாம் என்றார். உதடு ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. அம்மா மறுபடி நீட்டினாள். மறுபடியும் கையாட்டினார். மூன்றாம் தடவை அந்தக் கை ஆடவில்லை, டம்ளரைப் பிடித்துவிட்டது. ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். காற்று குறைந்திருக்கிறதா என்று.

"கை நனைச்சாச்சு! ஏஞ்சலம்மாக்கா, கை நனைச்சாச்சு!" என்று பக்கத்து அறையிலிருந்து நூர் நிஷா அக்கா சீனியோடு ஓடிவந்தாள். அம்மா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அழுதாள். ஏசுதாஸ் சீப்பை எடுத்தான்.

அன்று சாயங்காலம் ரோசம்மா என்னிடம் கேட்டாள். "அண்ணே, அந்தப் பெரியவரு எதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே? ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அவருக்குத் தாகம்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஆவணியில் கல்யாணம். நீங்கள்தான் கோயிலில் மந்திரித்து நடத்திவைத்தீர்கள். ஊர்வலத்துக்குக் கொழுத்த டயரைப் போட்டு இருபத்திரண்டு பவுண்டு வைத்திருந்தேன். மணமக்கள் மேளச் சத்தத்தையும் மீறிக் கண்ணயர்ந்துவிட்டார்கள். அடுத்த தை மாதம் ஜெயசீலியின் அப்பா என் காரில் ஏறினார். அவரும் வழியெல்லாம் தூங்கினார். விழித்தபோது தேதி குறித்தாகிவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கிர்க்கி என்ற ஊரிலிருந்து செபஸ்தியம்மாள் என்று ஒரு பெண் ஒரு டிரங்குப் பெட்டியோடு விக்ரோலிக்கு வந்து கதவைத் தட்டினாள். ரோசம்மா திறந்தாள். வந்தவள் கழுத்திலிருந்த தாலியை எடுத்துக் காட்டினாள். ரோசம்மா தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே அச்சு. ஆசாரியைக்கூட அவன் மாற்றவில்லை. ரோசம்மா அவளை உட்காரவைத்து டீ போட்டுக்கொடுத்தாள். வேலை முடிந்து ஏசுதாஸ் வந்தபோது, அவனுடைய தலையணையும் சீப்பும் தெருவில் இருந்தன. இரண்டு பெண்களும் சேர்ந்துதான் உங்களிடம் மனுக் கொடுத்தார்கள். இப்படி ஒரு மனு உங்களுக்கு முன்னால் வந்திருக்காது.

ஏசுதாஸ் உங்களிடம் சொன்னதையும் கேள்விப்பட்டேன். கிர்க்கி சங்கதியைப் பெரியப்பா முன்கூட்டியே பெண் வீட்டில் சொல்லிவிட்டார், ரோசம்மா தெரிந்தே கழுத்தை நீட்டினாள் என்கிறான். இதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர், அப்படிப்பட்டவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா என்று யோசிக்கிறாராம். மரியசூசைப் பெரியப்பா போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். அவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. ஆகவேதான் என்னைக் கேட்கிறீர்கள்.

ஏசுதாஸ் சொல்வதில் பாதி உண்மை. பெரியவர் சொன்னார். வீட்டில் அல்ல.

விக்ரோலியில் கார் ஏறுவதற்கு முன்னால், ஏசுதாஸ் உள்ளே தலைசீவிக்கொண்டிருந்தபோது, அவர் என் தோளைப் பிடித்துத் தெருவோரம் கூட்டிப் போனார்.

"தம்பி, எந்தம்பி சாகையில எங்கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டான், மகன் மானத்த வெளிய விடக் கூடாதுன்னு. வாயத் தொறந்து பொண்ணு வீட்டுல நான் சொல்ல முடியாது. கிர்க்கியில இவனுக்கு ஒரு வீடு இருக்கு. கோயில்ல கட்டுன பொண்ணு. அம்புட்டுதான் சொல்லுவேன். வேண்டாம்னு எத்தன வீட்டுல கை நனைக்காம எந்திரிச்சு வந்திருக்கேன், எதுக்குன்னு நெனச்சீரு? ஒங்க வீட்டுலயும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன். அத வச்சுப் புரிஞ்சுக்கிடும். ஒம்ம தங்கச்சி தப்பிச்சிருவா."

"சரி ஐயா" என்றேன். "கொஞ்சம் இருங்க, காத்துக் கொறைவா இருக்கு."

பெட்ரோல் பங்கு எதிர்ப்புறம்தான். முப்பது பவுண்டு இருந்தது. நாற்பத்தைந்து வைக்கச் சொன்னேன். காற்றுப் பிடிக்கிற பையன், "சாப், பத்தர் ஹோ ஜாயேகா" என்றான். கல்லாகிவிடும் என்று அர்த்தம். தெரியும் என்றேன்.

ஆகவே சுவாமி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஏமாற்று இருந்தது. ரோசம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்து செய்தவன் நான் ஒருவன். நான் யாரையும் தொட்டுக் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை. காற்றை மட்டும்தான் கூட்டினேன் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஜெயசீலியிடமும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கப்பா வந்த அன்னிக்கு எந்த டயரு?" நான் பதில் சொன்ன பிறகு அவள் கரீம் பாட்சா கடைக்குப் போய், ஒல்லி டயர் நாலையும் தன் கண்முன்னாலேயே துண்டு போடச் சொல்லி, செருப்புத் தைக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "தங்கச்சிய வித்துக் கல்யாணம் கட்டுன மனுசா, இனிமே நடந்து போவும்வே" என்று பாய் எனக்குச் சொல்லி அனுப்பினார். அவருக்கு விளையாட்டு.

ரோசம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமை சுனாபட்டிக்குத் திரும்பி வருகிறாள். செபஸ்தியம்மாளும் கூட வருகிறாளாம். நான் கொழுத்த டயருக்குப் புது டியூப் போட்டு, இருபத்திரண்டு பவுண்டு வைத்து, பின் இருக்கையில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து விக்ரோலி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்தச் செம்போடு அவள் வாசலில் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். ஜெயசீலி முன்னமே எல்லாம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது; ரோசம்மா செம்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். குர்லாவில் மாறி ரயிலில் வந்துகொள்கிறோம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ரயில் ரொம்பக் குலுக்குமே என்று மட்டும்தான் நான் வெளியே நின்று சொன்னேன்.